மரை கழன்ற ஞாயிற்றுக்கிழமை

நசீர் அந்த ஸ்குரூவை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்த காட்சிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. தலையில்லாத ஸ்குரூ. அரிசியில் பாதி அளவுதான் இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புடவையின் சரிகையைச் சோதிப்பவர் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பந்திங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வெற்றுத் திடல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் அங்கே சின்ன விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்கவிடுவோம். அன்றைக்கு என்னுடைய ஹெலிகாப்டர் திடலை ஒட்டிய லோங்காங்கில், அந்தச் சாக்கடையில், கிடந்தது. அதை எடுத்து வரும்போது என் காலுறைகள் இரண்டும் நனைந்திருந்தன. சேற்றோடு சேர்ந்து அழுகிய பழக்குலையின் வாடை என் மேல் ஏறியிருந்தது.

ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்று கொண்டிருந்தது அது. திடீரென்று வால் பக்கம் ஒரு கிறீச்சென்ற சத்தம். அடுத்த நொடி தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. மோட்டாரை அணைத்தேன். நின்றிருந்தவர்களின் பக்கம் வராமல் லோங்காங் பக்கம் போனது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. காற்று அந்தப் பக்கம் அடித்தது.

நசீருக்குக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை. என்னைவிடச் சில வயது இளையவர். எப்போதும் சட்டைப் பையில் ஒரு துண்டுத் துணி வைத்திருப்பார். வால் விசிறியை அதன் தண்டோடு பிடித்து வைப்பது இந்த ஒரே ஸ்குரூதான். அது விரலுக்கே கழன்று வந்துவிட்டது. நசீர் அதைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் வெயிலில் பிடித்தார்.

“அண்ணே, இதுல கம்மே இல்லையேண்ணே.”

பசை போட்டேன் என்று சொன்னேன்.

“போட்டிருந்தா நீலமா காஞ்சி நிக்கும்லா. இது பளபளன்னு இருக்கு.” பிறகு சிரித்துக்கொண்டே, “மரை கழண்டுடுச்சுண்ணே” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாதி நிறைந்த போத்தல்

இந்தப் பத்தியில் கார் விபத்துகளைப் பற்றி இத்தனை வாரங்களாக எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று பொம்மை ஹெலிகாப்டருக்குத் தாவிவிட்டேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். இதுவும் ஒரு விபத்துதான். இழப்பீடு கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெலிகாப்டர் ஒரு விசித்திரமான சாமான். கட்டி முடித்த நாளிலிருந்து தன்னைத் தானே கழற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். அந்த அதிர்வில் எந்த ஸ்குரூவும் தானாகத் திரும்பும். அதனால் ஒவ்வொரு உலோக ஸ்குரூவுக்கும் மரையில் ஒரு சொட்டுப் பசை வைத்து முடுக்க வேண்டும். நாங்கள் அதைக் கம் என்போம். மலாய்க்காரர்களும் சீனர்களும் பசையை அப்படித்தான் சொல்கிறார்கள், நமக்கும் ஒட்டிக்கொண்டது. நாலு வார்த்தை எழுதுகிறவன் என்ற கர்வத்தில் நான் ‘மரைப்பசை’ என்று ஒரு பெயர் வைத்தேன். இதுவரை அதைப் பயன்படுத்தியவன் நான் ஒருவன்தான்.

முதன்முதலில் ஓர் இரும்புக் கடையில் போய் ‘கம் ஸ்குரூ’ என்று கேட்டேன். கடைக்காரர் எந்தப் பொருளையும் எதனுடனும் ஒட்டிவிடும் உடனடிப் பசையைக் கொடுத்தார். நல்லவேளை, அதை ஸ்குரூவில் போடுவதற்கு முன் என் இரண்டு விரல்களை ஒட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்த ஸ்குரூவை இந்த ஜென்மத்தில் கழற்றியிருக்க முடியாது.

சரியான பசை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் கிடைத்தது. ஊதா, நீலம், சிவப்பு என்று மூன்று சின்னப் போத்தல்கள். ஊதா மிகச் சிறிய ஸ்குரூக்களுக்கு. லேசாகப் பிடிக்கும். நீலம் பெரும்பாலான இடங்களுக்கு. இறுகப் பிடிக்கும், ஆனால் ஸ்குரூச் சாவி போட்டுத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். சிவப்பு விடவே விடாது. சூடு காட்டினால்தான் இளகும்.

நீலத்தை வாங்கி வீட்டில் வந்து பார்த்தால் போத்தல் பாதிதான் இருந்தது. விபத்து இழப்பீடுகளை விசாரித்தே காலம் கழித்தவன் புத்தி சும்மா இருக்குமா? திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் சலிப்போடு விளக்கினார். உள்ளே காற்று இருக்கும்வரைதான் இந்தப் பசை இளகி இருக்குமாம். இரண்டு உலோகத்துக்கு நடுவே காற்றே புகாத இடத்தில் சிக்கினால்தான் இறுகுமாம். முழுக்க நிரப்பினால் போத்தலுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். அதனால் பாதிக் காற்று, பாதிப் பசை. நான் மன்னிப்புக் கேட்காமல் ஓர் ஊதாப் போத்தலையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் இன்னும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். பிளாஸ்டிக்கில் படக்கூடாது, விரிசல் விழும். ஸ்குரூவில் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக்கூடாது, ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கொஞ்சம் எண்ணெயைப் பொறுத்துக்கொள்கிற புதுவகை நீலமும் வந்திருக்கிறதாம். நான் வாங்கியது பழைய வகை.

சிவப்புக்காரர்

நசீர் கொஞ்ச காலம் எல்லாவற்றுக்கும் சிவப்புதான் போட்டார். கழலவே கூடாது என்பது அவர் கட்சி. வியாபாரியாக இருந்துகொண்டு இவ்வளவு அவநம்பிக்கை ஆகாது என்று நான் கேலி செய்வேன். வாடிக்கையாளரை நம்பலாம், ஸ்குரூவை நம்ப முடியாது என்பார்.

ஒரு நாள் விசிறிப் பிடியின் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும். ஸ்குரூ அசையவில்லை. சால்டரிங் கம்பியைச் சூடாக்கி ஸ்குரூவின் தலையில் வைத்தார். ஸ்குரூ இளகுவதற்குள் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் இளகிவிட்டது. சாவியைப் போட்டுப் பலமாகத் திருப்பினார், தலைப் பள்ளம் வழுக்கிப் போனது. கடைசியில் ஹாக்சா பிளேடால் அறுத்தார். அறுத்து எடுத்ததில் ஸ்குரூ, பிடி, தண்டு மூன்றும் குப்பைக்குப் போயின.

அதற்குப் பிறகு அவரும் நீலத்துக்கு வந்துவிட்டார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. காய்ந்த நீலம் மரைக்குள் எப்படி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஸ்குரூவில் அது இல்லை.

எல்லோரும் சொல்கிற வாசகம்

என் உத்தியோகத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. மோட்டார் விபத்து நடந்தால் வண்டியைப் பார்த்து, ஆளை விசாரித்து, எப்படி நடந்தது என்று காப்புறுதி நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் வேலை. ஓய்வு பெறும்வரை பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம். தெலுக் பங்லிமா காராங் சாலையில் ஒரு லோரி ஒரு வேனை இடித்தால் நான் போய் நிற்பேன்.

லோரிக்காரர் சொல்லும் முதல் வாசகம், “நான் இல்ல சார்.” வேன்காரர் சொல்லும் முதல் வாசகமும் அதுதான். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று இதில் பேதமே கிடையாது. சுவரில் போய் இடித்து நின்ற ஒருவர்கூட நான் இல்லை என்றார். அவரையும் சுவரையும் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

இன்னொரு விஷயமும் அந்த வேலையில் கற்றுக்கொண்டேன். சிக்னல் போட்டீர்களா என்று கேட்டால் எல்லோரும் போட்டேன் என்பார்கள். பலர் பொய் சொல்வதில்லை. தினமும் போடுகிறவர், அன்றும் போட்டதாகவே நினைப்பார். வழக்கமாகச் செய்வதைத்தான் மனிதன் ஞாபகம் என்று சொல்கிறான். இப்படிப்பட்ட வாக்குமூலங்களை நான் நம்பிக்கைக்கு உரியவை அல்ல என்று எழுதித் தள்ளியிருக்கிறேன்.

பந்திங்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வரும்போது என்னையே விசாரித்தேன். நீலப் போத்தலை எடுத்தாயா? எடுத்தேன். எந்த ஸ்குரூவுக்கு? எல்லாவற்றுக்கும். வால் ஸ்குரூவுக்குப் போட்டது குறிப்பாக ஞாபகம் இருக்கிறதா? போத்தலின் மூக்கில் கடுகளவு நீலம் நின்ற காட்சி ஞாபகம் இருக்கிறது. அது இந்தத் தடவையா, போன தடவையா?

தெரியவில்லை. என் வாக்குமூலத்தை நானே தள்ளினேன்.

போர்ட் கிள்ளான்வரை

ஒரு ஸ்குரூவுக்கு இவ்வளவு யோசனையா என்று தோன்றலாம். அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். வேலை முடிந்த பிறகும் பிரிக்பீல்ட்ஸிலேயே தங்கிவிட்டார். வாரம் ஒருமுறை கொமுட்டர் ரயிலில் ஏறிக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவார். கையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருக்கும். ஸ்டேஷனில் நான் காத்திருப்பேன்.

ஒரு வாரம் அவர் இறங்கவில்லை. அடுத்த ரயிலிலும் இல்லை. கடைசியில் போர்ட் கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கிள்ளானைத் தாண்டிப் போகும் தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது. நான் போனபோது பெஞ்சில் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். இறங்கத்தான் மறந்துட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதுதான் ஆரம்பம். அதன் பிறகு அடுப்பை அணைக்க மறந்தார். சாப்பிட்டதை மறந்தார். பிறகு என் பெயர். கடைசி இரண்டு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவரைக் குளிப்பாட்டாத குறையாக எல்லாம் செய்தது என் மனைவி கலா. என்னை அவர் ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்தார். அவளை மட்டும் கடைசிவரை அடையாளம் தெரிந்தது. பெயர் தெரியாது, “சோறு போடுற பிள்ள” என்பார்.

அவர் போர்ட் கிள்ளான்வரை போனபோது அவருக்கு இருந்த வயதுதான் இந்த ஹெலிகாப்டர் விழுந்தபோது எனக்கு.

அதனால் எங்கள் வீட்டில் மறந்துவிட்டேன் என்ற சொல்லை யாரும் லேசாக உச்சரிப்பதில்லை. சாவி காணோம் என்போம். பால் வாங்கவில்லை என்போம். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்வதில்லை. அப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளவும் இல்லை, அது தானாக வந்துவிட்டது.

மரை என்ற சொல்லையும் நாம் ஸ்குரூவைவிட மனிதர்களின் தலைக்குத்தான் அதிகமாகப் பயன்படுத்துகிறோம். நசீர் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. அவருக்கு அப்பாவைப் பற்றித் தெரியாது.

சாப்பாட்டு மேசையில்

அன்று மதியம் சாப்பிடும்போது கலா கேட்டாள், எப்படி விழுந்தது என்று. அவளுக்கு இந்த ஹெலிகாப்டரில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஓய்வு பெற்றவன் வீட்டுக்குள் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்காமல் இருந்தால் சரி என்று விட்டிருந்தாள்.

“கம் போட மறந்துட்டேன் போல” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். அப்பளம் வேணுமா என்று கேட்டாள்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் சில மாற்றங்கள். தடயம் பார்த்துப் பிழைத்தவன் கண்ணுக்கு இதெல்லாம் தப்புமா? நான் டீ போட்டுவிட்டு வந்த பிறகு அவள் சமையலறைக்குள் போய் காஸ் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். என் பிரஷர் மாத்திரைகள் கிழமை எழுதிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபெயர்ந்தன. நான் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினால் அவளுக்கும் அவசரமாகக் கொத்தமல்லி தேவைப்பட்டது. காரில் போகும்போது வழி தெரியாதவள் மாதிரி, இந்தப் பக்கமா திரும்பணும் என்று கேட்டாள். அவள் எங்கள் தாமான் குடியிருப்பில் என்னைவிட அதிகம் நடந்தவள்.

நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பதில் சொன்னேன். நாங்கள் இருவரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

பிறகு ஒரு நாள் கிளினிக்கில் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை. சும்மா ஒரு செக்கப், எனக்கும் பார்க்கணும், ரெண்டு பேரும் சேர்ந்து போவோம் என்றாள். அப்பாவை முதல்முதலில் அழைத்துப் போனபோதும் இதே வாசகத்தைத்தான் அவள் சொன்னாள். எனக்கும் பார்க்கணும் மாமா, சேர்ந்து போவோம் என்று.

எனக்குப் பயம் வந்தது. அதை அழகுபடுத்திச் சொல்ல ஒன்றுமில்லை. என் பெயரை மறப்பதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. கலாவுக்கு இதை இரண்டாவது முறை கொடுக்கப் போகிறேனே என்றுதான் இருந்தது.

ஹெலிகாப்டரை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த விசிறி வேகமாகச் சுற்றும்போது ஆளின் கையை எடுத்துவிடும். எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று தெரியாதவன் கையில் அது இருக்கக்கூடாது. கார் ஓட்டுவதைப் பற்றிச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு யோசிக்கலாம் என்று வைத்தேன். நசீரைக் கூப்பிட்டு, பழுது பார்த்துத் தருகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஏண்ணே, ஏண்ணே என்று கேட்டார். முதுகு வலி என்று சொன்னேன்.

கொஞ்சம் பின்னால் போகிறேன்

இந்த இடத்தில் ஆயுத பூசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹெலிகாப்டர் விழுந்தது அந்தப் பூசை முடிந்து வந்த ஞாயிறு.

கலாவின் அப்பா பந்திங் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர்கள் வீட்டில் தீபாவளியைவிட ஆயுத பூசைதான் பெரிது. லோரியைக் கழுவி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்களாம். அந்தப் பழக்கத்தை அவள் எங்கள் தாமானுக்குக் கொண்டுவந்தாள். லோரி இல்லாததால் என் கார், அவளுடைய தையல் மிஷின், அரிவாள்மனை, மிக்சி எல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டு சாமியறை முன்னால் உட்காரும்.

அதுவரை என் ஹெலிகாப்டருக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்ததில்லை. விளையாட்டுச் சாமான் ஆயுதமாகாது என்பது அவள் எண்ணம். அந்த வருடம்தான், அதையும் கொண்டாந்து வைங்க, மேல பறக்குறது, சாமி பாத்துக்கட்டும் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது ஹெலிகாப்டர் பாதி பிரித்த நிலையில் இருந்தது. முதல் நாள்தான் எல்லா ஸ்குரூக்களையும் ஸ்பிரிட்டில் கழுவி, காயவைத்து, காந்தத் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தேன். பூசை முடியும்வரை கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. உடலையும் தட்டையும் அப்படியே எடுத்துச் சாமியறை முன்னால் வைத்தேன்.

பூசையன்று காலை நான் பாசாருக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழையிலையும் வாங்கி வந்தேன். திரும்பியபோது எல்லாம் தயாராக இருந்தது. ஸ்குரூ முடுக்கிகளுக்கும் குறடுகளுக்கும் சந்தனம் குங்குமம். ஹெலிகாப்டரின் மூக்கில் பெரிய பொட்டு. ஸ்குரூக்களில் மட்டும் ஒன்றும் இல்லை. அவ்வளவு சின்னதில் எங்கே பொட்டு வைப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமியும் கழிந்த பிறகு முடுக்கிகளின் குங்குமத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஸ்குரூக்கள் ஏற்கெனவே கழுவியவை. மறுபடி கழுவவில்லை.

காரைத் தள்ளி நிறுத்திவிட்டு

செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், மதியத்தில் நல்ல மழை. காரை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, போர்ச்சில் மேசை போட்டு, நசீருக்குக் கொடுக்க வேண்டிய ஹெலிகாப்டரைப் பிரிக்க உட்கார்ந்தேன். வால் உடைந்ததை மாற்றிவிட்டேன். ஆனால் ஒரு ஸ்குரூவுக்குப் பசை போடாதவன் மற்றவற்றுக்கு மட்டும் போட்டிருப்பானா? ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் நியாயம்.

மேல் விசிறிப் பிடியின் ஸ்குரூவில் சாவியைப் போட்டேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் திரும்பியது. இதுவும் கழன்றிருந்தால் விசிறியே பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அப்படியானால் இதற்கும் மறந்திருக்கிறேன்.

ஸ்குரூ வெளியே வந்தது. மரை முழுக்க நீலம்.

காய்ந்த நீலம் இல்லை. ஈரமான நீலம். இத்தனை நாள் கழித்தும் போத்தலிலிருந்து அப்போதுதான் விழுந்த மாதிரி இளகி இருந்தது. அடுத்த ஸ்குரூவைக் கழற்றினேன், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். எல்லாவற்றிலும் ஒரு சொட்டு வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட விடவில்லை. எதுவும் இறுகவில்லை.

வால் ஸ்குரூவில் இருந்ததும் இதே ஈரம்தான். சுற்றிய வேகத்தில் பாதி தெறித்திருக்கும். மீதியை நசீர் சேற்றோடு சேர்த்துத் தன் துணியில் துடைத்துவிட்டுத்தான் வெயிலில் பிடித்தார்.

விரலில் ஒட்டிய நீலத்தை மூக்கருகே கொண்டுபோனேன். அந்தப் பசைக்கு ஒரு மருந்து நெடி உண்டு. அது இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. தலைக்குத் தேய்க்கும் வாசனை. காந்தத் தட்டில் மீந்து கிடந்த ஸ்குரூ ஒன்றை எடுத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

ஸ்குரூவைத் தட்டிலேயே வைத்தேன். பிறகு கலாவைக் கூப்பிட்டேன்.

மடித்துக்கொண்டிருந்த துணிகளோடு அவள் வாசலுக்கு வந்தாள். முகத்தில் அந்த வாரம் முழுக்க இருந்த ஜாக்கிரதை அப்படியே இருந்தது.

“ஆயுத பூசை அன்னைக்கு இந்தத் தட்டுல இருந்த ஸ்குரூவ ஏதும் பண்ணியா?”

“ஏன்?”

“சும்மாதான். சொல்லு.”

“பஞ்சுல எண்ணெய் தொட்டுத் தொடச்சேன். ஒவ்வொண்ணா. வெளுத்துப் போய் கெடந்துச்சு, துரு புடிச்சிடும்னு.” தயங்கிவிட்டுச் சொன்னாள், “எங்கப்பா ஸ்பேனருக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவாரு. எண்ணெய் போட்டுத்தான் சாமிக்கு வைப்போம்.”

எண்ணெய் பட்டால் அந்தப் பசை இறுகாது என்று சொன்னேன். நான் கழுவி வைத்ததையும், மறுபடி கழுவாததையும் சொன்னேன். ஸ்குரூவைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது. புடவையில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டாள்.

“இது நீங்க போட்டதா?”

“நான் போட்டதுதான்.”

“எல்லாத்துக்கும்?”

“எல்லாத்துக்கும்.”

“அப்ப நீங்க மறக்கல.”

“மறக்கல.”

துணிகளைக் காரின் கூரைமேல் வைக்கப் போனாள். கார் வெளியே மழையில் நின்றது. திரும்பி வந்து என் மேசைமேல், எண்ணெய், பசை, சேறு எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்தாள்.

“அப்ப அது விழுந்தது என்னாலதான்.”

உத்தியோகப் பழக்கம் லேசில் போகாது. யார் மீதும் தவறில்லை, இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன, நானும் இன்னொரு தடவை கழுவியிருக்க வேண்டும் என்று பழியைப் பங்கு போட ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அதெல்லாம் வேணாங்க. சரியா பாத்துச் சொல்லுங்க. நான்தானே?”

“நீதான்.”

“நல்லா தெரியுமா? நான்தானே?”

“நீதான் கலா.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பெரிய விபத்துகளில் பிழைத்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன். தன்மேல்தான் தவறு என்று சொல்லும்படி என்னிடம் கெஞ்சியவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. பசைக் கையோடு துடைத்துக்கொண்டதில் நன்றாக எரிந்தது.

பிறகு எழுந்து என் போனை எடுத்து அவளே நசீரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் கடையின் இரைச்சல் கேட்டது. யாரோ பட்டுப் புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, அண்ணன் ஒண்ணும் மறக்கல. கம் போட்டிருக்காரு. நான்தான் எண்ணெய் போட்டுக் கெடுத்துட்டேன்.”

நசீருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. என்ன எண்ணெய், அக்கா என்று கேட்டார். அவள் பஞ்சிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். நான்தான், நான்தான் என்று நடுவில் பல தடவை வந்தது. வீட்டில் அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு நாளாகியிருந்தது.

எல்லாம் கேட்டு முடித்த நசீர், “அப்ப ஹெலிகாப்டர் எனக்கு இல்லையாக்கா?” என்றார்.

“அதெல்லாம் குடுக்க முடியாதுலா” என்று சொல்லிப் போனை வைத்தாள் கலா.